ஆல்பிரட்: குட்டிச்சாத்தானா, அணங்கா?

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் ஆல்பிரட் என்பதற்குக் ‘குட்டிச்சாத்தானின் ஆலோசனை’ என்று பொருள் போட்டிருப்பதைக் கண்டு முன்பெல்லாம் சிரித்துவிட்டுப் போவேன். சென்ற வாரம் ஒரு வரலாற்றுக் கட்டுரையும் அதே தொடரை எழுதியிருந்தபோது சிரிப்பு வரவில்லை.

பெயரின் பிறப்பு எளிது. பழைய ஆங்கிலத்தில் ‘ஆல்ஃப்’, ‘ராட்’ என்னும் இரு சொற்கள் சேர்ந்தது இது. ‘ராட்’ என்பது அறிவுரை. ஜெர்மன் மொழியின் ‘ராட்’ என்பதும் கொன்ராட் என்ற பெயரின் ஈறும் இதன் உறவுகளே. 871 முதல் 899 வரை தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் அரசை ஆண்ட மாமன்னர் ஆல்பிரட் இப்பெயரை நிலைநிறுத்தினார்.

சிக்கல் முழுவதும் ‘ஆல்ஃப்’ என்பதில்தான் இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தின் ‘எல்ஃப்’ இதுவே. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பொம்மை செய்து தரும் கூர்ங்காதுக் குள்ளனை மனத்தில் வைத்துக்கொண்டு, மந்திரவாதி ஏவிய வேலையைச் செய்யும் குட்டிச்சாத்தானை அவனுக்கு ஈடாக்குகிறார்கள். அக்குள்ள உருவம் பிற்காலத்தது. விவிலியத்துச் சாராவையும் யூதித்தையும் பாடிய பழைய ஆங்கிலப் புலவர்கள் அவர்களை ‘ஆல்ஃப்ஷீனே’, அதாவது ‘ஆல்ஃப் போன்ற எழிலுடையவள்’ என்றே புகழ்ந்தார்கள். குட்டிச்சாத்தான் போன்ற எழில் என்று எவரேனும் ஒரு பெண்ணைப் புகழ்வார்களா? ஓஸ்வால்ட் என்பதன் ‘ஓஸ்’ தெய்வத்தைக் குறிப்பது. அதற்கு இணையாகவே ‘ஆல்ஃப்’ ஆட்பெயர்களில் வழங்கியது. அரக்கரையும் குள்ளரையும் குறித்த சொற்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அதே ‘ஆல்ஃப்’ எய்த அம்பால் திடீர்க் குத்துவலி வரும் என்று அஞ்சி, அதைப் போக்க மந்திரமும் ஓதினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

எழிலும் வருத்தும் ஆற்றலும் ஒன்றாய் உறையும் இதற்கு நம்மிடம் அணங்கு என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று குறள் மயங்குவது இந்த இருமையில்தான். அணங்கு இன்று பெண்ணை மட்டுமே குறிக்கிறதே என்று மறுக்கலாம். ‘அணங்குடை நெடுவரை’ என்ற அகநானூற்றுத் தொடரில் அது பால் கடந்த ஆற்றலாகவே நிற்கிறது. ‘தேவதை’ என்போர் குள்ளனை ஒழித்தாலும் அச்சத்தையும் சேர்த்து ஒழித்துவிடுகிறார்கள்.

‘ராட்’ என்பதற்கு வள்ளுவர் ஆண்ட ‘சூழ்ச்சி’ மிகப் பொருந்தும். ஆனால் அச்சொல் இன்று சதி என்று திரிந்துவிட்டதால் அறிவுரையோடு நிற்க வேண்டியதுதான். ஆகவே ஆல்பிரட், ‘அணங்கின் அறிவுரை பெற்றவன்’. பெயரை அப்படியே எழுதிவிட்டு, விளக்கத்தில் மட்டும் இதைத் தந்தால் போதும்.

அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுவதையே மொழிபெயர்ப்பு என்று கருதுவோருக்கு ஒரு கேள்வி. 1002-இல் மன்னர் எதெல்ரெட்டை மணக்க நார்மண்டியிலிருந்து வந்த எம்மாவுக்கு ‘ஆல்ஃப்யிவு’ என்ற ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்டது. ‘யிவு’ என்றால் கொடை. புது அரசியைக் ‘குட்டிச்சாத்தானின் கொடையே, வருக’ என்றா அரண்மனை வரவேற்றிருக்கும்?