கேள்வி கேட்டபின் மூன்று நொடி

"மாமரம் பூத்திருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் காய்ப்பு ஏன் குறைகிறது?"

பி.எட். பயிற்சிக்காகக் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போகும் மாணவி இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். சுற்றிலும் மாந்தோப்புகள். மகரந்தம் நனைந்து வீணாகிறது, பூச்சிகள் வருவதில்லை, ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் பூ கருகுகிறது என்பதில் ஏதாவது ஒன்று அங்கே பல பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் முன்பெஞ்சில் இருவர் மட்டுமே கை தூக்குவார்கள். மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் ஆசிரியையே பதிலைச் சொல்லி முடித்திருப்பார்.

இந்த அவசரத்தை முதலில் அளந்து பார்த்தவர் அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ. வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. தாமாக முன்வந்து பேசும் பிள்ளைகள் கூடினர். பேசாமல் நிற்பது குறைந்தது. பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்கினர். பாடமும் புத்தகமும் மாறாமலே இவ்வளவும் நடந்தது.

மூளை வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு அரை நொடிக்கு மேல் ஆகிறது. 'ஏன்' என்ற கேள்வி வந்தால் அதை நினைவில் பிடித்துவைக்க வேண்டும், பழைய அனுபவத்தைத் தேடி எடுக்க வேண்டும், இரண்டையும் இணைத்து வாக்கியமாக்க வேண்டும். இதையெல்லாம் செய்வது செயல்படு நினைவு. அதில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ நான்கு விஷயங்கள்தான் தங்கும்.

'தப்பாச் சொன்னா சிரிப்பாங்களோ' என்ற எண்ணமும் அங்கேதான் வந்து உட்கார்கிறது. பயம் கூடினால் நிலைமை இன்னும் மோசம். மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டாலா எச்சரிக்கை எழுப்ப, பதற்றத்தில் சுரக்கும் நோர்அட்ரினலினும் கார்டிசோலும் பெருகுகின்றன. யோசிப்பதற்கும் செயல்படு நினைவுக்கும் ஆதாரமான, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணியின் பிடி தளர்கிறது. வீட்டில் சரளமாகச் சொன்ன பிள்ளை வகுப்பில் திணறுவது இதனால்தான். அந்தப் பிள்ளையை மக்கு என்று நினைத்துவிடுவது பெரிய அநியாயம்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பல வீடுகளில் பேசுவது தெலுங்கு அல்லது கன்னடம். தமிழில் கேட்டு, வீட்டு மொழியில் யோசித்து, மறுபடி தமிழில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு ஒரு நொடி எப்படிப் போதும்? மூன்றுகூடச் சில நேரம் போதாது. பக்கத்தில் இருப்பவரிடம் எந்த மொழியிலாவது பேசிவிட்டுச் சொல்லலாம் என்று விட்டால் பாதிச் சுமை குறையும்.

ரோ கவனித்ததில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. நன்றாகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைகளுக்கு, பின்தங்கியவர்கள் என்று நினைத்தவர்களுக்குக் கிடைத்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் கிடைத்தது. அதிக நேரம் தேவைப்பட்டவர்களுக்குத்தான் குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் தெரியாமலே. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, அடிப்பதோடு மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் பாதி வாக்கியத்தில் "சரி, நீ உட்காரு" என்று சொல்வதை எந்தச் சட்டமும் பிடிக்காது. அதை ஆசிரியரே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பதில் வந்த பிறகும் இன்னொரு மூன்று நொடி உண்டு. உடனே "வெரி குட்" என்றால் மற்றவர்களின் யோசனை அங்கேயே நின்றுவிடும். சும்மா காத்திருந்தால் "டீச்சர், எங்க தோட்டத்துல அப்படி ஆகல" என்று ஒரு குரல் எழக்கூடும். பாடம் சூடுபிடிப்பது அப்போதுதான். வாய்ப்பாடு கேட்கும்போது இதெல்லாம் தேவையில்லை. அங்கே வேகமே நல்லது.

பயிற்சி வகுப்பில் மூன்று நொடி மௌனம் மிக நீளமாகத் தோன்றும். பின்னால் மேற்பார்வையாளர் உட்கார்ந்து குறிப்பெடுக்கும்போது இன்னும் நீளமாகத் தோன்றும். பாடக்குறிப்பில் 'ஏன்', 'எப்படி' என்று தொடங்கும் கேள்விகளுக்குப் பக்கத்தில் மட்டும் 'காத்திரு' என்று எழுதிவைத்து, மனசுக்குள் எண்ணிப் பழகலாம். கூடப் பயிற்சிக்கு வந்த தோழியிடம் போனில் பாடத்தைப் பதிவு செய்யச் சொல்லி, யார் யாருக்கு எத்தனை நொடி கொடுத்தோம் என்று சாயங்காலம் இருவரும் கேட்டுப் பார்க்கலாம்.