நெரிசலில் யாரும் தள்ளுவதில்லை

கால்பந்து மைதானங்களில் நடந்த சாவுகளைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார்: "முன்னால் இருப்பவர் மூச்சு முட்டிச் சாகிறார். பின்னால் இருப்பவர்கள் எப்படி அய்யா தள்ளிக்கொண்டே இருந்தார்கள்? மனசாட்சியே கிடையாதா?"

அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் பதில். பலசமயம் அவர்கள் தள்ளவும் இல்லை. இது எப்படி என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. இந்த மாதிரிச் சாவுகளை ஆங்கிலப் பத்திரிகைகள் 'ஸ்டாம்பீட்' என்று எழுதுகின்றன. மிரண்ட மாட்டு மந்தை தலைதெறிக்க ஓடுவதற்கு உண்டான சொல் அது. நம் செய்தித்தாள்கள் 'கூட்ட நெரிசல்' என்று எழுதுகின்றன. கழுத்தை நெரிப்பது என்கிறோமே, அதே நெரி. செத்தவர்கள் எதனால் செத்தார்கள் என்பது நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான நெரிசல்களில் யாரும் ஓடுவதில்லை. ஓட இடமே இருப்பதில்லை.

நன்றாக ஆராயப்பட்ட ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ மைதானம். 1989 ஏப்ரல் 15, எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும். லிவர்பூல் ரசிகர்களுக்கு லெப்பிங்ஸ் லேன் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே நின்று பார்ப்பதற்கு மட்டும் 10,100 டிக்கெட். அத்தனை பேரும் நுழைய இருந்தவை 7 சுழல் வாயில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். இன்றைய பிரிட்டிஷ் பாதுகாப்பு வழிகாட்டி ஒரு சுழல் வாயிலில் மணிக்கு அதிகபட்சம் 660 பேர் என்று கணக்கு வைக்கிறது. 7 வாயிலுக்கு 4,620. ஆக, 10,100 பேர் உள்ளே போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லாரும் மதியமே வந்து ஒழுங்காக வரிசையில் நின்றிருந்தாலும் இதுதான் கணக்கு. ஆட்டம் 3 மணிக்கு. இரண்டரைக்கு வெளியே கூட்டம் பிதுங்கியதில் வியப்பில்லை.

வெளியே ஆள் செத்துவிடுவார்களோ என்ற நிலை வந்ததும் 2.52-க்குப் போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. சில நிமிடங்களில் ஏறக்குறைய 2,000 பேர் உள்ளே வந்தார்கள். எதிரே ஒரு சுரங்கப் பாதை தெரிந்தது. நேராக நடந்தார்கள். அது சரிவாக இறங்கி நடுவில் இருந்த இரண்டு அடைப்புகளில் போய் முடிந்தது. அந்த அடைப்புகளுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? ஆடு மாடு அடைக்கும் பட்டிக்கு எந்தச் சொல்லோ, அதே சொல். நானும் பட்டி என்றே எழுதுகிறேன். இரு பக்கமும் கம்பி வேலி, முன்னால் மைதானத்துக்கும் இவர்களுக்கும் நடுவே உயரமான வேலி. இரண்டு பட்டிகளுக்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 2,200. அதுவே அதிகம் என்று பிறகு தெரிந்தது. அன்று நின்றவர்கள் 3,000-க்கும் மேல். கதவைத் திறந்தவர்கள் அந்தச் சுரங்கப் பாதையை மூட ஆள் அனுப்பவில்லை. முந்தைய ஆண்டு இதே மைதானத்தில் மூடியிருந்தார்கள்.

இனி இயற்பியல். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போடுங்கள். இரண்டு பேர் நின்றால் வசதியாகப் பேசிக்கொண்டிருக்கலாம். நான்கு பேர் நின்றால் தோள் உரசும். ஆறாவது ஆள் ஏறியதும் பாக்கெட்டில் இருக்கும் போனை எடுக்கக் கை வராது. ஏழுக்குப் போனால் எங்கே நிற்பது என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை. அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ருயின் இதைத்தான் சொன்னார்: சதுர மீட்டருக்கு ஏழு பேர் அளவில் கூட்டம் கிட்டத்தட்ட ஒரு திரவம் ஆகிவிடுகிறது.

இதைச் சும்மா உவமையாகச் சொல்லவில்லை. இடைவெளி இருக்கும்வரை ஒருவர் உங்கள்மேல் சாய்ந்தால் ஒரு காலை முன்வைத்துச் சமாளித்துவிடுவீர்கள். அந்தச் சாய்வு உங்களோடு முடிந்துபோகும். உடம்போடு உடம்பு ஒட்டிவிட்டால் காலை எடுத்து வைக்க இடமில்லை. உங்கள்மேல் விழுந்த சாய்வை அப்படியே முன்னால் இருப்பவருக்குக் கொடுக்கிறீர்கள், அவர் அடுத்தவருக்குக் கொடுக்கிறார். பின்வரிசையில் ஒருவர் கால் இடறியதுகூட அலையாகப் பல மீட்டர் போகும். போகும் வழியில் ஒவ்வொருவரும் தங்கள் எடையில் கொஞ்சம் சேர்த்துவிடுகிறார்கள். தள்ள வேண்டும் என்று நினைத்துச் சேர்ப்பதில்லை, விழாமல் இருக்கச் சாய்கிறார்கள், அவ்வளவுதான். தரை சரிவாக இருந்தால் புவியீர்ப்பும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். கடைசியில் நிற்பவருக்கு முன்னால் ஆள் இல்லை, வேலி இருக்கிறது. மொத்தக் கணக்கும் அவர் மார்பில் வந்து நிற்கிறது. நெரிசல் நடந்த சில இடங்களில் வளைந்து கிடந்த இரும்புக் கம்பிகளை வைத்து, அங்கே 4,500 நியூட்டனுக்கு மேல் விசை இருந்திருக்கும் என்று ஃப்ருயின் எழுதினார். சுமார் 450 கிலோ எடைக்குச் சமம். ஹில்ஸ்பரோவில் ஒரு தடுப்புக் கம்பி உடைந்தே போனது.

பின்னால் இருப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. அவர் கண்ணுக்கு முன்னால் இருப்பவரின் பின்னந்தலைதான் தெரியும். கூட்டத்தில் விசை நொடியில் கடந்துவிடுகிறது, செய்தி கடப்பதே இல்லை. முன்னால் அலறுகிறவரின் குரலும் பாட்டும் கோஷமுமாக இருக்கும் இரைச்சலில் கரைந்துவிடும்.

2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த டெனி பார்டோலோவின் குழு, ஸ்பெயினில் பாம்ப்லோனா ஊரின் சான் ஃபெர்மின் திருவிழாவுக்குப் போனது. தொடக்க நாளில் ஊர்மன்றத்தின் முன்னால் இருக்கும் சின்ன சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் அடைந்து நிற்பார்கள். பால்கனியில் கேமராவை வைத்து மேலிருந்து பல ஆண்டுகள் படம் எடுத்தார்கள். பார்த்தால் வெறும் குழப்பம்தான். ஆனால் யார் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறார் என்று கணினியில் அளந்தபோது குழப்பத்துக்குள் ஓர் ஒழுங்கு தெரிந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து ஒரே கட்டியாக வட்டம் போடுகிறார்கள்! மாவு சலிக்கும்போது சல்லடையை எப்படிச் சுற்றுகிறோம்? சல்லடை தன்னைத்தானே சுழற்றிக்கொள்வதில்லை, மொத்தமாக ஒரு சின்ன வட்டத்தில் போய்த் திரும்புகிறது. அதே மாதிரி. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 18 விநாடி. சில கட்டிகள் வலப்புறமாக, சில இடப்புறமாக. தாளம் போட யாரும் இல்லை, தலைவர் இல்லை, சுற்றுகிறவர்களுக்கே தாங்கள் சுற்றுவது தெரியாது.

சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்ற அளவைத் தாண்டும்போது இது தானாகத் தொடங்குகிறதாம். இடம் குறுகலானால் சுற்றும் வேகம் கூடும். 2010-இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 'லவ் பரேட்' இசை விழாவில் 21 பேர் இறந்த நெரிசலின் வீடியோக்களை அளந்தபோதும் இதே அசைவு தெரிந்தது. இதன் பயனை யோசித்துப் பாருங்கள். நூறு பேரை ஒரே சமயத்தில் வட்டமாக நகர்த்த தனி மனிதரால் ஆகாத விசை வேண்டும், கூட்டம் அந்த விசையை வளர்த்துக்கொண்டிருக்கிறது. அலறல் எழும் முன்பே ஒரு கேமராவும் கணினியும் சேர்ந்து எச்சரிக்க முடியும்.

இந்த ஆய்வுக்குத் துகள் முடுக்கி வேண்டாம், விண்கலம் வேண்டாம். கேமரா, ஒரு பால்கனி, வருடா வருடம் திரும்பப் போகும் பொறுமை, அதற்குச் சம்பளம் கொடுக்க ஒரு நிறுவனம். 'திருவிழாவில் மக்கள் எப்படி நிற்கிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்' என்று ஓர் இளம் ஆய்வாளர் விண்ணப்பம் போட்டால் சிரிக்காமல் பணம் தர ஆள் வேண்டும். உலகத்திலேயே பெரிய கூட்டங்கள் கூடும் நாடு நம்முடையது. கால்பந்திலும் நமக்குக் கசப்பான நினைவு உண்டு: 1980 ஆகஸ்ட் 16, கொல்கத்தா ஈடன் கார்டன், மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஆட்டம், 16 ரசிகர்கள் வீடு திரும்பவில்லை. இந்தத் துறையில் உலகுக்குப் பாடம் சொல்லும் ஆய்வுக்கூடம் இங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் உயிரைக் காக்கும்.

சரி, உயிர் எப்படிப் போகிறது? மூச்சை இழுக்க உதரவிதானம் கீழே இறங்க வேண்டும், விலா எலும்புகள் வெளிப்பக்கம் விரிய வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். நெரிசலில் மூச்சை விட முடியும். விட்டதும் மார்பு சுருங்குகிறது. சுருங்கிய அந்த இடத்தைப் பக்கத்து உடம்பு உடனே நிரப்பிவிடுகிறது. அடுத்த மூச்சுக்கு விரிய இடமில்லை. தொண்டையில் அடைப்பு எதுவும் இல்லை, சுற்றிலும் காற்றும் இருக்கிறது, அதை இழுக்கத்தான் வழியில்லை. ஹில்ஸ்பரோவில் சிலர் நின்ற நிலையிலேயே இறந்தார்கள். விழ இடமில்லை.

அன்று இறந்தவர்களும், காயத்தின் விளைவாகப் பின்னால் இறந்தவர்களும் சேர்ந்து 97 பேர். கடைசியாக இறந்தவர் 2021-இல் இறந்தார். மிக இளையவருக்கு வயது 10.

போலீஸ் என்ன செய்தது? அவர்களுடைய கட்டுப்பாட்டு அறை அந்தப் பட்டிகளைப் பார்த்தபடிதான் இருந்தது. மூச்சுக்காகச் சிலர் வேலியில் ஏறியதை மைதானத்துக்குள் அத்துமீறுவதாக எடுத்துக்கொண்டார்கள். நாய்ப்படையை அழைத்தார்கள். ரசிகர்கள் எதிர்ப்பக்கம் போய்விடாமல் இருக்கப் போலீஸ்காரர்களை மைதானத்தின் குறுக்கே வரிசையாக நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் ரசிகர்களே விளம்பரப் பலகைகளைப் பிய்த்து ஸ்ட்ரெச்சராக்கி ஆட்களைத் தூக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் இப்படி? 1970-களிலும் 80-களிலும் இங்கிலாந்தின் கால்பந்து ரசிகர்களிடையே அடிதடி உண்மையாகவே இருந்தது. 1985-இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இத்தாலியர்கள். எனவே கூட்டம் என்றாலே கலகம் என்று கண் பழகிவிட்டது. வேலி போட்டதும் அதற்காகத்தான். 1981-இல் இதே லெப்பிங்ஸ் லேனில் நெரிசல் வந்து 38 பேர் காயம் அடைந்தார்கள். அன்று வேலிக் கதவுகளைத் திறந்து ஆட்களை மைதான ஓரத்தில் உட்கார வைத்ததால் யாரும் சாகவில்லை. அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? குறுக்கு வேலிகளும் போட்டுப் பட்டிகளாகப் பிரித்தார்கள். கூட்டம் பக்கவாட்டில் பரவ இருந்த ஒரே வழியும் போயிற்று.

ரசிகர்களே கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள் என்று அன்றே போலீஸ் தலைமை சொன்னது. சொன்ன அதிகாரியே 2015-இல் விசாரணையில் அது பொய் என்று ஒப்புக்கொண்டார். இறந்தவர்களின் ரத்தத்தில் மது இருக்கிறதா என்று சோதித்தார்கள், குழந்தைகளையும் விடவில்லை. 2016-இல்தான் மரண விசாரணை நீதிமன்றத்தின் ஜூரி, ரசிகர்கள்மேல் தவறில்லை, இவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. 27 ஆண்டுகள். எனக்கு இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. ஊரில் ஒரு சாவு விழுந்தால் 'அவன் விதி, அவன் கிரகம்' என்போம். 'கூட்டம் வெறி பிடித்துவிட்டது' என்பதும் அதே ரக மூடநம்பிக்கைதான். கணக்குப் போட வேண்டியவர் போடவில்லை என்பதை இரண்டுமே மறைக்கின்றன.

இன்னொரு வழியிலும் போலீஸ் நெரிசலை உண்டாக்கும். 2022 அக்டோபர் 1, இந்தோனேசியாவின் மலாங், கஞ்சுருஹான் மைதானம். சொந்த ஊர் அணியான அரேமா 2-3 என்று பெர்செபயாவிடம் தோற்றது. சில ரசிகர்கள் மைதானத்தில் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்தது, இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள்மேலும். கண்ணீர்ப்புகை உண்மையில் காற்றில் மிதக்கும் நுண்பொடி. கண் தானாக மூடிக்கொள்ளும், இருமல் வரும், நுரையீரல் வேகமாகக் காற்றைக் கேட்கும். ஆயிரக்கணக்கானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே நொடியில் குறுகலான வாசல்களுக்குப் படி இறங்கினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்துவிட்டோம். நிறையக் காற்று தேவைப்படும் நேரத்தில் மார்பு பூட்டிக்கொள்கிறது. 135 பேர் இறந்தார்கள். மைதானத்தில் இந்தப் புகையைப் பயன்படுத்தக் கூடாது என்று ஃபிஃபாவின் விதி தெளிவாகவே சொல்கிறது. பெருவின் லிமாவில் 1964-இலும், கானாவின் ஆக்ராவில் 2001-இலும் மூன்று சேர்ந்துதான் நூற்றுக்கணக்கில் கொன்றன: புகை, படிக்கட்டு, மூடிய கதவு.

அடிதடியே வந்தால் போலீஸ் கை கட்டி நிற்க வேண்டுமா என்று கேட்பீர்கள். போர்ச்சுகலில் நடந்த 2004 யூரோ கோப்பை இதற்கு நல்ல பதில். ஸ்டீபன் ரைகர், கிளிஃபர்டு ஸ்டாட் போன்ற உளவியலாளர்களின் ஆராய்ச்சி சொன்னபடி, ஆட்டம் நடந்த நகரங்களில் போலீஸ்காரர்கள் சாதாரணச் சீருடையில் ரசிகர்களோடு பேசிக்கொண்டு திரிந்தார்கள். கலகத் தடுப்புப் படை கண்ணில் படாமல் தள்ளி நின்றது. எல்லாரையும் ஒரே தடியால் அடிக்காததால் வம்புக்காரனோடு மற்றவர்கள் கை கோக்கவில்லை. இங்கிலாந்து ரசிகர்கள் அந்த நகரங்களில் பெரிய ரகளை எதுவும் செய்யவில்லை. இந்த முறையைக் கைக்கொள்ளாத வேறொரு காவல்படையின் பொறுப்பில் இருந்த அல்புஃபெய்ரா என்ற கடற்கரை ஊரில் மட்டும் கலவரம் நடந்தது.

நெரிசலில் மாட்டிக்கொண்டால்: முழங்கையை மடக்கி மார்புக்கு முன்னால் வையுங்கள், அந்த இடைவெளிதான் மூச்சு. அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அது ஓய்ந்த நொடியில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியவே வேண்டாம்.

ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கையால் இங்கிலாந்தின் பெரிய மைதானங்களில் வேலிகள் போயின, எல்லா இடமும் நாற்காலி ஆயிற்று. ரசிகர்கள் நின்று பாடிப் பார்க்கும் பழக்கத்தை இழந்து ரொம்ப ஏங்கினார்கள். 2022 ஜனவரி 2 அன்று, செல்சியும் லிவர்பூலும் மோதிய ஆட்டத்தில், முறையான அனுமதியோடு மறுபடியும் நின்று பார்த்தார்கள். இப்போது நின்று பார்க்கும் பகுதிகளில் ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பளவு உயரத்தில் ஒரு கம்பி, ஒரு டிக்கெட்டுக்கு ஓர் இடம். பின்வரிசையில் ஒருவர் தடுமாறி விழுந்தாலும் அவருக்கு முன்னால் இருக்கும் கம்பியில் அந்த அலை முடிந்துவிடும், அடுத்த வரிசைக்குப் போகாது.