தபாலில் வரவில்லை என்றால் நோட்டீஸ் வரவில்லை என்று அர்த்தமல்ல

இந்த மாதமும் அதே கதை. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. விவசாயிகளுக்குக் காய்ப் பணமாகக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. வங்கியில் விசாரித்தால் ஜிஎஸ்டி துறையிலிருந்து டிஆர்சி-13 (வரிப் பாக்கியைக் கணக்கிலிருந்து கட்டச் சொல்லி வங்கிக்கு வரும் நோட்டீஸ்) வந்திருக்கிறது, கணக்கு முடக்கம் என்கிறார்கள். "எங்களுக்கு ஒரு நோட்டீஸும் வரலையே சார்" என்கிறார் முதலாளி. ஜிஎஸ்டி இணையதளமான போர்ட்டலைத் திறந்தால் நோட்டீஸ், விசாரணைக்கு அழைத்த கடிதங்கள், கடைசியில் வரியைக் கட்டச் சொல்லும் டிஆர்சி-07 ஆர்டர் என எல்லாமே வரிசையாக இருக்கின்றன. ஒன்றைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை.

பர்கூர் ஜவுளிக் கடை, தருமபுரி புளி மண்டி, ஓசூர் லேத் பட்டறை என எங்கே கேட்டாலும் இதே நம்பிக்கைதான்: ரிஜிஸ்டர் தபாலில் கையெழுத்துப் போட்டு வாங்காத நோட்டீஸ் செல்லாதாம். தயவுசெய்து இதை மறந்துவிடுங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 169ஆம் பிரிவு நோட்டீஸ் சார்வு செய்ய, அதாவது உரியவரிடம் சேர்க்க, பல வழிகளைச் சொல்கிறது. நேரில் கொடுக்கலாம், தபாலில் அனுப்பலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம், போர்ட்டலில் ஏற்றலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று போதும் என்பதுதான் அதிலுள்ள வாசகம். எல்லா வழியிலும் அனுப்ப வேண்டும் என்று எங்கும் இல்லை.

"ஹைகோர்ட்டில் கேஸ் போட்டால் ஆர்டரை ரத்து செய்துவிடுவார்களாமே" என்பது அடுத்த நம்பிக்கை. போர்ட்டலில் ஏற்றியதற்குப் பதில் வராதபோது அதிகாரி வேறு வழியிலும் அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் வரி தள்ளுபடி ஆகவில்லை. சர்ச்சையிலுள்ள வரியில் 10 சதவீதமோ 25 சதவீதமோ கட்டு, பிறகு பதில் கொடு என்றுதான் கோப்பு திரும்பி வருகிறது. 4 லட்சம் ரூபாய் வரிக்கு 25 சதவீதம் என்றால் 1 லட்சம். வக்கீல் செலவு தனி. நோட்டீஸ் வந்தபோதே பதில் போட்டிருந்தால் இந்த 1 லட்சத்துக்கு வேலையே இல்லை.

நாள் கணக்கில் கவனமாக இருங்கள். ஆர்டர் கிடைத்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 3 மாதம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 1 மாதம். அதைத் தாண்டினால் மேல்முறையீட்டு அதிகாரியே நினைத்தாலும் எடுத்துக்கொள்ள முடியாது. பெங்களூரா மாங்காய் வரத்துக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும்போது போர்ட்டலை யாரும் பார்ப்பதில்லை. சீசன் முடிந்து மூச்சு விடும்போது இந்த 3 மாதமும் போயிருக்கும். மேல்முறையீட்டுக்கு 10 சதவீதம் முன்பணம், அந்த 4 லட்சத்துக்கு 40 ஆயிரம்தான். ஆர்டரோடு, மோசடிக் குற்றச்சாட்டு இல்லையென்றாலும், அபராதம் 10 சதவீதம், வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம் வரை ஏறும். தவறு நம் பக்கம்தான் என்று தெரிந்தால், 2023-24 வரையிலான ஆண்டுகளுக்கு நோட்டீஸ் வந்த 30 நாளில் வரியும் வட்டியும் கட்டிவிடுங்கள். மோசடிக் குற்றச்சாட்டு இல்லையென்றால் அபராதம் இல்லை. 2024-25 முதல் இது 60 நாள்.

போர்ட்டலில் பார்க்க வேண்டிய இடம் இரண்டு. சர்வீசஸ், யூசர் சர்வீசஸ் உள்ளே போனால் 'வியூ நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்' இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று வெளியே வந்துவிடுகிறார்கள். 'வியூ அடிஷனல் நோட்டீசஸ்' என்று தனியாக ஒன்று அதே பட்டியலில் இருக்கிறது. வரி கேட்டு முதலில் வரும் டிஆர்சி-01 நோட்டீஸ் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். வாரம் ஒருமுறை இரண்டையும் திறந்து பாருங்கள்.

பதிவில் யாருடைய செல் நம்பர், யாருடைய மின்னஞ்சல் என்றும் பாருங்கள். பல கடைகளுக்கு அது பதிவு எடுத்துக் கொடுத்த பிரவுசிங் சென்டர் பையனுடையது. அல்லது எப்போதோ வேலையை விட்டுப்போன கணக்குப்பிள்ளையுடையது. எச்சரிக்கை எல்லாம் அந்த போனுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது! போர்ட்டலில் பதிவு விவரங்களை மாற்றும் நான்-கோர் திருத்தத்தில் உங்கள் சொந்த நம்பரைப் போடுங்கள். முதலாளியின் நம்பர் இருக்க வேண்டும், ஆடிட்டருடையதும் வேண்டாம்.

பதில் எழுதுவது தனிக் கலை. "கணக்கு சரியாக உள்ளது" என்று ஒற்றை வரி எழுதினால் அது பதிலே இல்லை. உள்ளீட்டு வரி (கொள்முதலில் கட்டி, நாம் கழித்துக்கொண்ட வரி) பற்றிய கேள்வி என்றால் பில், இ-வே பில், லாரி ரசீது, எடைச் சீட்டு, பணம் போன வங்கி விவரம் ஐந்தையும் பில் வாரியாக அடுக்கி இணையுங்கள். பதில் படிவமான டிஆர்சி-06-இல் நேரடி விசாரணை வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். அலைச்சல் என்று 'நோ' போடாதீர்கள். 'யெஸ்' போடுங்கள், அழைக்கும் நாளில் போங்கள்.

கடையை மூடி ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்துவிட்டவர்களுக்கும் இதே வேண்டுகோள். பழைய ஆண்டுகளுக்கான பொறுப்பு ரத்தோடு போய்விடாது. நோட்டீஸ் அதே பழைய போர்ட்டல் கணக்குக்குத்தான் வரும். பாஸ்வேர்டு மறந்திருந்தால் இன்றே மாற்றி எடுத்து, உள்ளே போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.