ஸ்டேஷன்ல கையெழுத்து வைக்கிறதுக்கு முன்னாடி

தைப்பொங்கல் கழிஞ்ச கையோட ஒரு அக்கா சட்ட விஷயமா என்னத் தேடி ஹட்டனுக்கு வந்தாங்க. தேயிலத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவங்க. ஞாயித்துக்கெழம சாயந்தரம் அவங்க லயத்து வீட்ல, அதாவது தோட்டத்து வரிசை வீட்ல, ஏழெட்டு குடும்பம் கூடி ஜெபம் பண்றது வழக்கம், பக்கத்து லயத்துக்காரங்க சத்தம்னு பொலிஸ்ல என்ட்ரி, அதாவது முறைப்பாடு, போட, தீபாவளிக்கு முந்துன வாரம் அங்க ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு பேசி, சிங்களத்துல ஏதோ எழுதி கையெழுத்து வாங்கியிருக்காங்க. "என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாக்கா"ன்னு கேட்டேன். "சத்தமா பாட மாட்டோம்னு தான் மிஸ்"னாங்க. மகன் போன்ல எடுத்த போட்டோவ வாசிச்சுப் பாத்தா, இனிமே அந்த வீட்ல ஜெபக்கூட்டமே வைக்க மாட்டேன்னு இருக்கு.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. நான் கோயிலுக்குப் போற ஆள், ஆனா இது எந்த சாமின்னு பாக்குற விஷயமே இல்ல.

நம்ம அரசியலமைப்புல 9ம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் குடுக்குது, அதே வரியிலயே மத்த மதங்களுக்கு 10ம் உறுப்புரையும் 14(1)(உ)வும் தர்ற உரிமைய உறுதி பண்ணுது. எத நம்புறதுங்கிறது 10, அதுக்கு எந்தக் கட்டுப்பாடும் போட முடியாது. நம்புனத தனியாவோ கூடியோ கும்பிடுறது 14, அத மட்டுப்படுத்தணும்னா சட்டம் வேணும். 2008ல வழிபாட்டுத் தலம் கட்ட அனுமதி எடுக்கணும்னு அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு, அத காட்டி வீட்டு ஜெபத்தையும் நிப்பாட்டுன கதை நெறைய. சுற்றறிக்கை வேற, பாராளுமன்றம் போட்ட சட்டம் வேற.

பொலிஸ் மாதிரி அரச அதிகாரிங்க உரிமைய மீறுனா நேரா கொழும்பு புதுக்கடையில இருக்குற உயர் நீதிமன்றத்துக்கே போகலாம், 126ம் உறுப்புரை. ஆனா ஒரு மாசத்துக்குள்ள. அக்கா வந்தப்ப ரெண்டு மாசத்துக்கு மேல ஓடிருச்சு. அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு குடுத்திருந்தா அங்க விசாரணை நடக்குற காலம் கணக்குல சேராது, கண்டியிலயும் பதுளையிலயும் ஒஃபிஸ் இருக்கு. முறைப்பாட்டு நம்பர் கிடைச்சிருச்சுன்னு சும்மா இருந்துடாதீங்க, விசாரணை நடக்குதுன்னு காட்ட கடிதம் எழுத்துல வாங்கி வைங்க.

கோயில் சண்ட வேற மாதிரி. திருவிழா நெருங்குனா சாவி யாருகிட்ட, தேர் தோட்டத்துல எந்த டிவிஷன் பக்கம் போகுதுன்னு தொடங்கி அடிதடி வரைக்கும் போயிரும், அப்ப பொலிஸே நீதவான் முன்னால 66 கேஸ் போடும், அதாவது 1979ம் வருஷத்து 44ம் இலக்கச் சட்டத்துல 66ம் பிரிவு, காணிச் சண்டையால அமைதி கெடும்னா போடுறது. அங்க போய் எங்க தாத்தா வச்ச சாமின்னு அழுதா எடுபடாது. நீதவான் பாக்குறது இப்ப யாரு வச்சிருக்காங்க, முந்துன ரெண்டு மாசத்துக்குள்ள யாராவது பலவந்தமா வெளிய தள்ளுனாங்களான்னு. வர்ற கட்டளையும் தற்காலிகமானது தான், காணி யாருக்குச் சொந்தம்னு முடிவு பண்றது வேற கோர்ட். தோட்டத்துக் கோயில் நெறைய கம்பெனி குத்தகைக்கு எடுத்த காணியில நிக்குது, கோயில் பேர்ல காணி உறுதிப் பத்திரம் இல்ல. அதனால தான் கரண்ட் பில், உபய நோட்டு, பழைய திருவிழா நோட்டீஸ், கமிட்டி மினிட்ஸ் எல்லாத்தையும் பத்திரமா வைங்கன்னு போற எடமெல்லாம் கெஞ்சுறேன். இந்து சமய திணைக்களத்துல பதிஞ்சும் வைங்க.

ஸ்பீக்கர் விஷயத்துல உயர் நீதிமன்றம் 2007லயே சொல்லிருச்சு, அது வெலிகமயில ஒரு பள்ளிவாசல் சம்பந்தமா வந்த வழக்கு, ஆனா கட்டளை எல்லா மதத்துக்கும் தான்: ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் ஸ்பீக்கர் போட பொதுவா பேர்மிட் கிடையாது. மாரியம்மனுக்கும் அதே தான், ஜெபத்துக்கும் அதே தான்.

அந்த அக்காவுக்கு நான் சொன்னது இது தான். ஜெபத்த நிப்பாட்ட வேணாம், ஸ்பீக்கர் மட்டும் வேணாம். திரும்ப கூப்பிட்டாங்கன்னா உங்க வாக்குமூலத்த தமிழ்ல எழுதச் சொல்லுங்க, இல்லன்னா யாராவது வாசிச்சு காட்டுற வரைக்கும் பேனாவ தொடாதீங்க, அன்னைக்கே திகதிய குறிச்சுட்டு எனக்கு கோல் எடுங்க. இப்ப அவங்க வீட்டு கலண்டர்ல என் நம்பர் இருக்கு, ஞாயித்துக்கெழம பாட்டும் நடக்குது.