தீம் பார்க் வரிசைக்கும் ஒரு கணக்கு உண்டு

பிள்ளைகளைத் தீம் பார்க் கூட்டிப் போகலாம் என்று பேச்செடுத்தாலே நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் முதலில் வரும் கேள்வி டிக்கெட் எவ்வளவு என்பதுதான். அப்புறம் ரயிலா காரா, ரூம் போடணுமா, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று பேச்சு நீளும். வரிசையில் நிற்கும் நேரத்தை மட்டும் யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. பூங்காவுக்குள் நமக்குக் கிடைப்பது ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டமான நாளில் பிள்ளை ராட்டினத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. நான்கு பேர் குடும்பத்துக்கு டிக்கெட், பயணம், ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து உதாரணத்துக்கு 14,000 ரூபாய் ஆகிறது என்றால், ஏழு ராட்டினம் ஏறினால் ஒன்றுக்கு 2,000 ரூபாய், பதினான்கு ஏறினால் 1,000 ரூபாய். பத்து சதவீதத் தள்ளுபடிக்காக இரண்டு நாள் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பதை விட வரிசை எப்படி வளர்கிறது என்று தெரிந்துகொள்வதில் மிச்சம் அதிகம்.

இதற்கென்றே ஒரு கணிதத் துறை இருக்கிறது. டென்மார்க்கில் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்பவர், எக்ஸ்சேஞ்சில் எத்தனை இணைப்புகள் இருந்தால் அழைப்பவர்கள் காத்திருக்க வேண்டியிருக்காது என்று கணக்குப் போடப்போய் 1909-இல் தொடங்கியது. 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் ஒரு சின்ன விதியை நிரூபித்தார். வரிசையில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையை நிமிடத்துக்கு எத்தனை பேர் நகர்கிறார்கள் என்பதால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வந்துவிடும், அவ்வளவுதான் அந்த விதி.

இதைப் பூங்காவிலேயே செய்து பார்க்கலாம். ராட்டினம் நின்று கேட் திறந்ததும் உள்ளே போகிறவர்களை எண்ணுங்கள், 20 பேர் என்று இருக்கட்டும். அடுத்த முறை கேட் திறக்கும்வரை கடிகாரத்தைப் பாருங்கள், பெல்ட் மாட்டுவது, சுற்றுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 5 பேர். இனி வரிசை. தலையைத் தலையாக எண்ண வேண்டாம், கம்பிகளுக்கு நடுவே ஒரு மடிப்பில் மட்டும் எண்ணி, மடிப்புகளால் பெருக்கினால் போதும். மடிப்புக்கு 30 பேர், ஐந்து மடிப்பு, ஆக 150 பேர், அரை மணி நேரம். நான்கு வயதுப் பிள்ளையை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்த முடியுமா, நடுவில் பாத்ரூம் கேட்காதா என்பதை வரிசைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவு செய்துவிடலாம். சுற்றும் நேரத்தை விட ஏற்றி இறக்கும் நேரம்தான் இதில் பெரிய வில்லன். பிள்ளைகள் ஏறும் ராட்டினங்களில் ஒவ்வொன்றையும் தூக்கி உட்காரவைத்துப் பெல்ட் மாட்டி, அழுகிற ஒன்றைத் திரும்ப இறக்கி என்று போவதால், வரிசை சின்னதாகத் தெரிந்தாலும் நகராது.

சனிக்கிழமை கூட்டம் கொஞ்சம்தானே அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறோம், கணக்கோ வேறு மாதிரி சொல்கிறது. ஒரு ஆளைக் கவனிக்கச் சராசரியாக ஒரு நிமிடம் எடுக்கும் ஒற்றைக் கவுண்டர், ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள், அவரவருக்கு ஆகும் நேரமும் கூடக்குறைய இருக்கிறது. அந்தக் கவுண்டர் 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால் சராசரியாக 4 நிமிடம் காத்திருக்க வேண்டும். 90 சதவீதம் என்றால் 9 நிமிடம். 95 சதவீதம் என்றால் 19. கடைசி ஐந்து சதவீதக் கூட்டம் காத்திருப்பை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிவிடுகிறது. கூட்டம் கொள்ளளவையே தாண்டிவிட்டால் சராசரி என்ற பேச்சே இல்லை. மணிக்கு 300 பேர் ஏறும் ராட்டினத்துக்கு 400 பேர் வந்தால் ஒவ்வொரு மணி நேரமும் வரிசையில் 100 பேர் கூடுவார்கள், மூன்றாவது மணி நேர முடிவில் வருகிறவருக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு. கேட் திறந்த முதல் மணி நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். அந்த நேரத்தில் லாக்கர் தேடுவதும், நுழைவாயிலில் குடும்பப் படம் எடுப்பதும் காசை எண்ணிக் கீழே போடுவது மாதிரி.

விரைவு வரிசை டிக்கெட்டும் இதே கணக்குதான். கூடுதல் காசு கொடுப்பதால் ராட்டினத்தில் இருக்கை கூடிவிடாது. மணிக்கு 300 பேரில் 100 பேர் விரைவு வரிசையில் வந்தால் சாதாரண வரிசை மணிக்கு 200 பேர் என்றே நகரும், அதே 150 பேருக்குப் பின்னால் நிற்பவருக்கு 30 நிமிடம் 45 ஆகிவிடும். வாங்கலாமா? சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். அது பெரும்பாலும் உதவுவது பெரிய ரோலர் கோஸ்டர் வகைகளுக்கு, அதில் நம் பிள்ளையை ஏற்றவே மாட்டார்கள்.

ஏற்றாததற்குக் காரணம் உயரம். அழுது அடம்பிடித்தாலும் அந்த அளவுக் கம்பை யாரும் வளைத்துத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. இருக்கையில் மடிமேல் வந்து விழும் கம்பி தொடையையும் இடுப்பெலும்பையும் அழுத்திப் பிடித்தால்தான் ஆளைத் தாங்கும். பல ராட்டினங்களில் இரண்டு பேருக்கு ஒரே கம்பி, பக்கத்தில் அப்பா உட்கார்ந்தால் கம்பி அவர் தொடையில் முட்டி நின்றுவிடும், பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி கிடக்கும். போதாததற்குச் சின்னப் பிள்ளைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது, எடையின் மையம் மேலே இருக்கும், திடீரென்று திரும்பும்போது மேல் உடம்பு முன்னால் சாயும், கால் தரையில் எட்டாததால் ஊன்றிக்கொள்ளவும் முடியாது. பிடித்துக்கொள்கிறேன் என்று அப்பா சொன்னாலும், அந்த வேகத்தில் இழுக்கும் விசைக்கு முன் அவர் கை நிற்காது.

பட்ஜெட்டும் உயரத்தை வைத்துத்தான். கொச்சியில் இருக்கும் வொண்டர்லா பூங்காவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தை டிக்கெட், இந்த அளவுகளைக் கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரில் ஒட்டி நிறுத்தி, செருப்பில்லாமல், கொண்டையைத் தட்டையாக்கி அளந்து பாருங்கள். ஒரு விஷயம், முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் நாள் முழுக்க அமுங்குவதால் காலையில் இருக்கும் உயரம் மாலையில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். எல்லைக்கோட்டில் இருக்கிற பிள்ளை ஆசைப்படும் ராட்டினத்துக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. இந்த வயதில் வருஷத்துக்கு ஆறு சென்டிமீட்டர் போல வளர்வார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ராட்டினங்களில் பாதி எட்டவில்லை என்றால், கொச்சியை ஒரு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் பக்கம் வெம்பாயத்தில் இருக்கும் ஹேப்பிலேண்டுக்குப் போய் அன்றைக்கே திரும்பலாம், ரூம் காசு மிச்சம். அதுவும் வேண்டாமா, திற்பரப்பில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கே குதிக்கிற வயது அது.

தண்ணீர் விளையாட்டில் சின்ன உடம்புக்கு இன்னொரு கணக்கு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு பெரியவர்களை விட அதிகம், அதனால் வெயிலில் சீக்கிரம் சூடாகும், தண்ணீரில் சீக்கிரம் குளிரும். தண்ணீர் காற்றை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அலைக்குளத்தில் நமக்கு இதமாக இருக்கும்போதே பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்து பல் தந்தியடிக்கத் தொடங்கியிருக்கும். இன்னும் பத்து நிமிடம் என்று கெஞ்சுவார்கள், தூக்கி வெளியே கொண்டுவந்து துடைத்து உலர்ந்த உடுப்புப் போட வேண்டியதுதான். பருத்தித் துணியோடு பெரும்பாலும் குளத்தில் விட மாட்டார்கள். அது தண்ணீரைக் குடித்துக் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியில் அடையும். நைலான் உடுப்பைப் பூங்காக் கடையில் வாங்காமல் இங்கே செம்மாங்குடி ரோட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி எந்த நாள் போவது? இங்கேதான் குமரி மாவட்டக்காரர்களுக்கு ஒரு யோகம் இருக்கிறது. வரிசையின் நீளம் நமக்கு லீவா என்பதைப் பார்க்காது, கொச்சியைச் சுற்றி இருப்பவர்களுக்கு லீவா என்பதைத்தான் பார்க்கும். ஓணத்துக்கு இங்கேயும் உள்ளூர் விடுமுறை விடுவார்கள், அன்றைக்குக் கேரளமே வெளியே கிளம்பும், போகவே கூடாது. ஏப்ரல், மே இரண்டு பக்கமும் பள்ளி லீவு. ஆனால் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு விடும் டிசம்பர் 3, மண்டைக்காடு கொடை நாள் இரண்டும் நம் மாவட்டத்துக்கு மட்டும் கிடைக்கும் லீவு, வாரநாளாக அமைந்தால் அங்கே எல்லாரும் ஆபீஸில் இருப்பார்கள். டிசம்பரில் கல்விச் சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கும் என்பது உண்மைதான், அந்தப் பிள்ளைகள் பெரிய ராட்டினங்களுக்குத்தான் ஓடுவார்கள், நமக்கு வேண்டிய பகுதியில் இடம் இருக்கும்.

ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. இரவுப் பயணம் என்றால் தனி பெர்த் கேட்டுவிடுங்கள், தூங்காத பிள்ளை மறுநாள் எந்த வரிசையிலும் நிற்காது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, டிசம்பர் 2 மாலை கிளம்புவதென்றால் அக்டோபர் 3 காலை எட்டு மணிக்குப் போனோடு உட்கார வேண்டும்.