இலைச் சாப்பாட்டைவிட முறுக்கு டப்பாவுக்குத்தான் நான் பயப்படுகிறேன்

அன்று தீபாவளி. விடிந்தும் விடியாத நேரத்தில் செம்பூரிலிருந்து போன். பேசியவர் என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு பெண்ணின் மாமியார். “எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு வந்தா, லேகியம் கொடுத்தேன்மா. இப்போ நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கறா. தொப்பலா வேர்த்துப் போச்சு, எழுந்து நிக்க முடியல. ஹார்ட் அட்டாக்கா இருக்குமோ?” குரல் நடுங்கியது.

எவ்வளவு லேகியம் என்று கேட்டேன். “எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். சாப்பிடவே மாட்டேங்கறாளே, இதையாவது சாப்பிடட்டும்னு…” கொடுத்து எவ்வளவு நேரமாச்சு? இருபது நிமிடம்.

அந்தப் பெண்ணுக்கு 7 மாதத்துக்கு முன்னால் பைபாஸ் ஆகியிருந்தது. இதயத்துக்குச் செய்வது இல்லை, எடை குறைப்பதற்காக இரைப்பையில் செய்வது. நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். படுக்க வைத்துச் சுகர் பார்க்கச் சொன்னேன், சர்ஜனிடமும் பேச வைத்தேன். ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. மாமியார்தான் அன்று மதியம்வரை எதுவும் சாப்பிடவில்லையாம். “வெல்லந்தானே போட்டேன், சர்க்கரை ஒரு துளி போடலையே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான் மும்பையில் டயட்டீஷியன். எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வதுதான் முழுநேர வேலை. மாட்டுங்கா, தாராவி, செம்பூர், டோம்பிவ்லி என்று நம் ஆட்கள் நிறையப் பேர் வருகிறார்கள். பிள்ளையார் சதுர்த்தியில் தொடங்கிப் பொங்கல் முடியும்வரை எனக்குக் கவலை அதிகமான மாதங்கள். ஒரே கட்டடத்தில் ஒரு வீட்டில் கொழுக்கட்டை, எதிர்வீட்டில் மோதக். நமக்குக் கொலு என்றால் குஜராத்திக்காரர்களுக்குக் கர்பா ஆட்டம். தீபாவளிக்கு அதிரசமும் வரும், சோமாசி மாதிரியான கரஞ்சியும் வரும்.

முதலில் அந்த லேகியத்தை முடித்துவிடுகிறேன். சாதாரண இரைப்பையின் அடியில் ஒரு வால்வு இருக்கிறது. உள்ளே போனதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது குடலுக்கு விடும். பைபாஸில் சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு சின்னப் பையை மட்டும் வைத்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். வால்வு வழியிலேயே வராது. வெறும் வயிற்றில் வெல்லப்பாகு போனால் அப்படியே மொத்தமாகக் குடலில் இறங்கும். அந்த இனிப்பின் அடர்த்தி ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, பேதி எல்லாம் அதனால்தான். டம்பிங் என்பார்கள். பெரும்பாலும் சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் வரும்.

இன்னொரு வகை 1 முதல் 3 மணி நேரம் கழித்து வரும். சட்டென்று ஏறிய சர்க்கரையைப் பார்த்து உடம்பு இன்சுலினை அதிகமாகச் சுரந்துவிட, சர்க்கரை மளமளவென்று இறங்கும். கை நடுங்கும், கண் இருட்டும். பசிதான் போலிருக்கிறது என்று இன்னொரு லட்டை எடுத்து வாயில் போடுகிறார்கள், மறுபடியும் அதே சுற்று. அந்த நேரத்தில் சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் கொஞ்சம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, ஏறியதும் புரதமுள்ள ஏதாவது சாப்பிடுங்கள். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது.

வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன், கரும்புச்சாறு எல்லாம் அந்தக் குடலுக்கு ஒன்றுதான். இங்கே ஸ்வீட் கடைகளில் ‘சுகர் ஃப்ரீ’ என்று அஞ்சீர் (அத்திப்பழம்), பேரீச்சம்பழ பர்ஃபி விற்கிறார்களே, அதையும் நம்பி எடுக்காதீர்கள். பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான்.

ஆனால் லேகியத்தில் ஒரு நல்லது உண்டு. உடம்பே உடனே சொல்லிவிடும். அந்தப் பெண் இனி அதைத் தொடமாட்டார். எனக்குப் பயம் சத்தமே இல்லாமல் உள்ளே போகும் பொருளைப் பற்றித்தான்.

ஒரு டோம்பிவ்லிக்காரர். ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். 118 கிலோவிலிருந்து 79-க்கு வந்தவர், ஒரு ஜனவரியில் 85-ல் வந்து நின்றார். “மேடம், சத்தியமா சொல்றேன், ஒரு சப்பாத்திக்கு மேல சாப்பிட முடியல. அம்மா இலை போட்டாங்க, பாதியிலேயே எழுந்துட்டேன்.” அவர் பொய் சொல்லவில்லை. இலையில் அவரால் சாப்பிட முடிந்திருக்காது.

நான் இரண்டு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, ஒன்றில் தேன்குழல் துண்டு, மற்றதில் அதே அளவு பனீர் போட்டு மேஜையில் வைத்தேன். வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் கழித்து ஸ்பூனைக் கையில் கொடுத்து, தொட்டுப் பாருங்கள் என்றேன். தேன்குழல் ஸ்பூன் பட்டதும் குழைந்துபோய், தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியது. பனீர் துண்டு முனைகூட மழுங்காமல் கிடந்தது. அவர் இரண்டாவது டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “டிவி பக்கத்துல டப்பா இருக்கும் மேடம். போறப்ப வர்றப்ப ஒண்ணு.”

இதுதான் நான் சொல்ல வந்தது. ஆபரேஷன் சாப்பாட்டுக்கு அணை போடும், கொறிப்பதற்குப் போடாது. முறுக்கு, மிக்சர், ரிப்பன் பக்கோடா, பக்கத்து வீட்டுச் சிவ்டா, சங்கர்பாளி எல்லாம் மென்றதும் கூழாகி வழுக்கிக்கொண்டு இறங்கும். வயிறு நிறைந்த உணர்வே வராது. கால் மணி நேரத்தில் அடுத்தது போகும். எண்ணெயில் பொரித்தது என்பதால் கையளவே இருந்தாலும் கலோரி ஏராளம். இந்த ஊரில் தீபாவளிக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஃபராள் என்ற பலகாரத் தட்டு வரும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று நாமும் நிரப்பி அனுப்புவோம். அழகான பழக்கம், நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. வந்த பலகாரம் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். மேல் ஷெல்ஃபில், ஒளி ஊடுருவாத எவர்சில்வர் தூக்கில் வையுங்கள். வேண்டுமென்றால் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, உட்கார்ந்து, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். நின்றுகொண்டு, நடந்துகொண்டு, மாவு பிசைந்துகொண்டு வாயில் போடாதீர்கள். பலகாரம் சுடும் நாளில் உப்பு பார்க்கிறேன் என்று போவதற்குக் கணக்கே கிடையாது. அந்த வேலையை அன்று வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

விருந்து இலை இதோடு ஒப்பிட்டால் எளிது. கூட்டு, கெட்டிப் பருப்பு, பனீரோ முட்டையோ மீனோ இருந்தால் அது, தயிர் என்று புரதத்தில் தொடங்குங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், பண்டிகை என்று அதற்கு விடுமுறை கிடையாது. சாதம் இடம் இருந்தால்தான். ரசத்தையும் மோரையும் ஊற்றிச் சாதத்தைத் தள்ளக் கூடாது. இலைக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் எதையும் குடிக்க வேண்டாம், மற்ற நேரத்தில் வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருங்கள். பாயசம் ஸ்லீவ் ஆனவர்களுக்குக் கடைசியில் ஒரு ஸ்பூன் போதும், பைபாஸ் ஆனவர்கள் முதல் வருடம் தொடவே வேண்டாம்.

குழைந்த வெண்பொங்கலும் கொழுக்கட்டை மாவும் பிசுபிசுவென்று ஒட்டி அடைத்துக்கொள்ளும், கவனம். பொங்கல் கரும்பை மெல்லும்போது சக்கை உள்ளே போய்விடாமல் பாருங்கள், சாறும் சர்க்கரைதான். சாப்பிடும்போது விக்கல் வருகிறதா, மூக்கில் நீர் வடிகிறதா, தும்மல் வருகிறதா? வயிறு நிறைந்துவிட்டது என்று பலருக்கு இப்படித்தான் தெரியும். அதற்கு மேல் போடும் ஒரு வாய்தான் வாந்தியாக வரும்.

இந்த வரிசையிலேயே எனக்குப் பிடித்த பண்டிகை நவராத்திரி. ஒன்பது நாளும் சுண்டல்! அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 7 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. கொலு பார்க்கப் போகும் வீட்டில் காபியும் ஸ்வீட்டும் நீட்டினால், “சுண்டல் மட்டும் கொடுங்க மாமி” என்று தைரியமாகக் கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள். நன்றாக மென்று தின்ன வேண்டும். திட உணவுக்கு இன்னும் வராதவர்கள் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து சாப்பிடலாம்.

சரி, உபசரிப்பு. “ஒரே ஒரு வாய்டா, என் கையால செஞ்சது” என்று அம்மா நீட்டும்போது எந்த டயட் சார்ட்டும் நிற்காது. அந்த அம்மாக்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. முப்பது வருடம் ஊட்டி வளர்த்த பிள்ளை கால் இட்லியோடு எழுந்தால் பெற்றவளுக்கு வயிறு எரியத்தான் செய்யும். அதனால் இப்போதெல்லாம் பண்டிகைக்கு முந்தைய ஆலோசனைக்கு வீட்டில் சமைப்பவரையும் அழைத்து வரச் சொல்கிறேன். தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சியின் மனைவி கேட்டார்: “அப்போ நான் அவருக்கு என்னதான் செஞ்சு போடறது?” அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரையும் நான் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மீன் குழம்பில் இருந்து இரண்டு துண்டு, முட்டை பொடிமாஸ், புளிக்காத கெட்டித் தயிர், பச்சைப்பயறு அடை பாதி என்று எழுதிக் கொடுத்தேன். தாராவியின் தொண்ணூறடி சாலையில் எல்லோரும் பொங்கல் வைத்த அன்று, அவருக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் நெத்திலி அவித்து வைத்திருந்தாராம். சர்க்கரைப் பொங்கலில் ஒரு ஸ்பூன் தொட்டுக்கொண்டு இதைச் சாப்பிட்டார் என்று போனில் சொன்னபோது அந்தம்மா குரலில் அவ்வளவு நிம்மதி.

வெளி வீடுகளில் மறுத்துப் பேசுவது கஷ்டமாக இருந்தால், “பார்சல் கொடுங்க, வீட்டுல எல்லாரும் சாப்பிடுவாங்க” என்று வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்தவர் மனம் நிறையும்.

தீபாவளி முடிந்த ஓரிரு நாளிலேயே சஷ்டி விரதம் தொடங்கும். ஆபரேஷன் ஆன முதல் வருடத்தில் ஆறு நாள் பட்டினி வேண்டாம், தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் எப்போதுமே வேண்டாம். பால், மோர், புரதப் பவுடர், வைட்டமின் மாத்திரை இவற்றோடு முருகனை நினைத்தால் போதும். வடக்கே விரதத்துக்குச் சாப்பிடும் ஜவ்வரிசிக் கிச்சடி முழுக்க மாவுச்சத்து, விரதம் என்ற பெயரில் அதைத் தட்டு நிறையப் போட்டுக்கொள்ளாதீர்கள். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையும் தவிர்க்கக் கூடாது. பார்ட்டிகளில் மது: ஆபரேஷனுக்குப் பிறகு வேகமாக ரத்தத்தில் ஏறும், பழைய அளவு இனி பொருந்தாது. வேண்டாம் என்றே சொல்வேன்.

ஊருக்குப் போகிறவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியிலோ மதுரையிலோ வயிற்று வலி என்று போனால், முதல் வார்த்தையாக இந்த ஆபரேஷன் ஆனதைச் சொல்லுங்கள். வேகமாக எடை குறைந்தவர்களுக்குப் பித்தப்பைக் கல் வருவது சகஜம். எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பிறகு வலது விலாவின் கீழ் வரும் வலியைக் கேஸ் என்று ஓமவாட்டர் குடித்துக் கடத்தாதீர்கள். பைபாஸ் ஆனவர்களுக்குப் பொறுக்க முடியாத வயிற்று வலி வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. தலைவலி, மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பல, பைபாஸ் செய்த இடத்தில் புண்ணை உண்டாக்கும். குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் ஒரு நாளுக்கு மேல் வாந்தி இருந்தால் சும்மா இருக்காதீர்கள், அது நீடித்தால் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கலாம். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும் முன் தயமின் கொடுக்க வேண்டும் என்று அங்குள்ள டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள், தயங்காதீர்கள்.

பொங்கல் கழிந்த வாரத்தில் பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் பரிசோதனைக்கு வாருங்கள். எடை கூடியவர்கள்தான் அந்த வாரம் வராமல் போகிறார்கள். போனை எடுப்பதில்லை, ஒரு வருடம் கழித்துப் பாதி எடை திரும்பிய பிறகு கண்ணீரோடு வருகிறார்கள். டோம்பிவ்லிக்காரர் 6 கிலோ கூடியதுமே வந்ததால் மே மாதத்துக்குள் 80-க்குத் திரும்பினார். மெஷினில் ஏறப் பயமாக இருந்தால் அன்று ஏற வேண்டாம், உட்கார்ந்து பேசுவோம். என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், நான் திட்டமாட்டேன்.