சாயக்கழிவால் கிணறு உப்பேறினால்: சட்டம் தரும் உரிமைகள்

பருத்தித் துணியில் சாயம் நன்கு ஏறுவதற்காகப் பட்டறைகளில் சேர்க்கப்படும் சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் துணியில் தங்குவதில்லை; ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறிவிடுகின்றன. சுண்ணாம்பு, நுண்ணுயிர் முறைகளில் சுத்திகரித்தால் நிறம் குறையும். கரைந்த உப்பு அப்படியே இருக்கும். எனவே, தெளிவாக ஓடுகிறது என்பதற்காக அந்த நீரைப் பாதுகாப்பானதென்று கருதிவிடக் கூடாது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றின் வழியாகச் சென்று தேங்கியதால், பாசனத்துக்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையே அப்பகுதிக் கிணறுகளைக் கெடுத்தது என்பது பெருந்துயரம்.

1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 'நீரோட்டம்' என்பதற்குத் தரும் வரையறையில் நிலத்தடி நீரும் அடங்கும். அதன் 24-ஆம் பிரிவு ஆறு, கிணறு ஆகியவற்றில் மட்டுமன்றி நிலத்திலும் மாசுப்பொருளை விடுவதைத் தடுப்பதால், "என் சொந்த நிலத்தில்தான் விட்டேன்" என்பது சட்டப்படி விடையாகாது. 33ஏ பிரிவின்படி ஆலையை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிடலாம். மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பதை நொய்யல் ஆற்று மாசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் உறுதிசெய்தது. கழிவு வெளியேற்றம் நிற்காததால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பூஜ்ய கழிவு வெளியேற்ற முறைக்கு உட்பட்ட பட்டறை, நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்பதால், அங்கிருந்து சாயக்கழிவு வெளியே வருவதே விதிமீறல். அதன் நிறம் ஒரு பொருட்டன்று.

பாதிக்கப்பட்டவர் முதலில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கிணற்று நீரைச் சோதிக்க வேண்டும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கப்படும். அந்த அறிக்கையுடன், புல எண்ணையும் கழிவு வரும் இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்துமூலம் புகார் அளித்து ஒப்புகை பெறுவது அவசியம். ஆலைக் கழிவுநீரைச் சட்டப்படி மாதிரி எடுக்கும் அதிகாரம் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உண்டு என்பதால், அதையும் புகாரிலேயே கோரலாம்.

இழப்பீட்டுக்குச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் வரை அனுமதிக்கப்படலாம். ஆகவே சோதனையைத் தள்ளிப்போடுவது உரிமையையே இழக்கச் செய்யும். கட்டணம் கோரும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.